நடைவண்டி என்ற பெயரை விட்டுக்கொடுக்க வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

கைக்குழந்தைகளின் மர விளையாட்டுச் சாமான்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். வளர்ச்சிசார் மரப்பொம்மை, திறன்வளர் பொம்மை, பயில்பொம்மை, நடைபயிற்றி என ஒவ்வொன்றிலும் உழைப்பு தெரிகிறது. எனக்கு இருக்கும் தேவை கொஞ்சம் அவசரமானது. மதுரையில் ஒரு மரக்கடைசல் பட்டறைக்காரருக்குப் பெட்டிச் சீட்டின் தமிழ் வாசகத்தை எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்கான சாமான்கள். அந்தச் சீட்டைப் படிக்கப்போவது பெரும்பாலும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பாட்டிதான். அவருக்கு ஒரே வாசிப்பில் புரியாத சொல் எவ்வளவு இலக்கணச் சுத்தமாக இருந்தாலும் எனக்குப் பயன்படாது.

பொதுப்பெயரில் 'பொம்மை' வேண்டாம் என்பது என் கருத்து. மதுரைக்காரர்களிடம் பொம்மை என்றால் விளாச்சேரி மண்பொம்மைதான் நினைவுக்கு வரும். கொலுவில் வைப்பது, கண்ணும் மூக்கும் உள்ளது. ஒரு மர வளையத்தைப் பொம்மை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. விளையாட்டுச் சாமான் என்பார்கள். 'வளர்ச்சி', 'திறன்' ஆகிய ஒட்டுகளும் எனக்கு உறுத்துகின்றன. குழந்தை தானாகக் குப்புற விழும், தானாகத் தவழும். அந்தந்த மாதத்தில் கைக்கு ஏற்ற பொருள் பக்கத்தில் இருந்தால் சந்தோஷமாக விளையாடும். இதை வாங்கினால்தான் பிள்ளை வளரும் என்று பயமுறுத்தும் தொனி சீட்டில் வரக்கூடாது. முதல் ஆண்டைக் குறிக்க 'கைக்குழந்தை' என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. ஆகவே 'கைக்குழந்தை விளையாட்டுச் சாமான்' என்று போட்டு, பக்கத்தில் எத்தனையாவது மாதம் முதல் என்று எண்ணில் குறித்தால் போதும்.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களின் பெயரையே வைக்கலாம் என்று திருநெல்வேலி நண்பர் எழுதியிருந்தார். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறிய ஊரில் இருப்பவனுக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா? ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் ஐந்தாம் மாதக் குழந்தையைச் செங்கீரை என்ற ஒரே சொல்லில் பிடித்துவிட்டார்கள். ஆனால் இன்று செங்கீரை என்று எழுதினால் கீரைக்கட்டு என்றுதான் படிப்பார்கள். ஒன்பதாம் மாதம் கைகொட்டும் பருவமான சப்பாணிக்கு இப்போது வழங்கும் பொருளை நான் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒரு குழந்தையின் பெட்டியில் அச்சிட மனம் வராது ஐயா.

தனிப்பெயர்களில் பாதிக்கு விவாதமே தேவையில்லை. கிலுகிலுப்பை இருக்கும்போது 'ஒலியெழுப்பி' எதற்கு? காய்ந்த காயைக் குலுக்கினால் ஒலிக்கும் செடிக்கும் அதே பெயர். நாட்டுப்புறத்தில் குழந்தைக்கும் தெரியும். மூன்று, நான்கு மாதத்தில் கைக்குள் அடங்கும் மெல்லிய வளையம் 'பிடிவளையம்'. பல் முளைக்கும்போது ஈறு தினவெடுத்துக் கடிப்பது 'கடிவளையம்'. மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு மேலே சாமான்களைத் தொங்கவிடும் மரச்சட்டத்துக்கு 'எட்டுசட்டம்' என்று ஒருவர் சொன்னார். எட்டு என்ற எண்ணோடு குழம்பும். 'எட்டிப்பிடிச் சட்டம்' என்று நீட்டிவிடலாம்.

உண்மையிலேயே புதிய பொருள் ஒன்று உண்டு. மேலே துளையுள்ள ஒரு மரப்பெட்டி, முன்னால் ஒரு தட்டு. துளையில் போட்ட பந்து மறைந்து, உள்ளே உருண்டு, தட்டில் வந்து நிற்கும். கண்ணில் படாத பொருளும் இருந்துகொண்டுதான் இருக்கிறது என்பது எட்டு மாத அளவில் குழந்தைக்குப் பிடிபடத் தொடங்குகிறது என்று உளவியலாளர் பியாஜே விளக்கினாரே, அதற்கான பெட்டி. 'பொருள்நிலைப்புப் பெட்டி' பாடநூலுக்குச் சரி. 'மறைபொருள் பெட்டி' என்றால் வேதாந்தம் போலாகிவிடும். நான் 'கண்ணாமூச்சிப் பெட்டி' என்கிறேன். சீட்டில் பந்தின் அளவையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடம் சுமார் 4.5 சென்டிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள பந்தைத் தரக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இனி நடைவண்டி. இதில்தான் நான் பிடிவாதமாக நிற்கிறேன். 'நடைபயிற்றி' என்ற ஒரே சொல்லால் இருவகை வண்டிகளையும் குறிக்கலாம் என்ற பரிந்துரையை ஏற்கவே முடியாது. ஒன்று, மூன்று மரச்சக்கரம், நிமிர்ந்த சட்டம், மேலே குறுக்குக் கட்டை கொண்டது. தானாக எழுந்து நிற்கப் பழகிய குழந்தை கட்டையைப் பிடித்துக்கொண்டு தள்ளும். நல்ல தச்சர் செய்ததில் அச்சு துளைக்குள் சற்று இறுக்கமாக இருக்கும். வண்டி முன்னால் ஓடிவிடாமல் குழந்தையின் அடிக்கு அடி கடகடவென்று நகரும். உடல் எடையைக் குழந்தையின் காலே தாங்குகிறது.

மற்றொன்று பிளாஸ்டிக் வளையம். நடுவில் துணி இருக்கை, அடியில் சுற்றிலும் சக்கரங்கள். குழந்தையை உள்ளே உட்காரவைத்தால் நுனிக்காலால் உந்திக்கொண்டு பறக்கும். நடையைக் கற்றுத் தருவதற்குப் பதில் அது நடையைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதே குழந்தை மருத்துவர்களின் எச்சரிக்கை. படியிலிருந்து வண்டியோடு உருண்டு தலையில் அடிபடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. வாசலில் நான்கு படிக்கட்டு உள்ள நம் தெரு வீடுகளை நினைத்துப் பாருங்கள். இங்கே கடைகளில் அதையும் நடைவண்டி என்றே சொல்லி விற்கிறார்கள். 'நாங்களும் நடைவண்டியில் நடந்து பழகியவர்கள்தானே' என்று நம்பித் தாத்தாவும் வாங்கிவிடுகிறார். பெயர் ஒன்றாக இருப்பதால் நேரும் கேடு இது.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில், தச்சச் சிறுவரும் விரும்பும்படி செய்த தேரைப் புதல்வர் உருட்டித் திரிகிறார்கள். அந்தத் தேருக்குப் புலவர் உருத்திரங்கண்ணனார் தந்த அடை 'ஊரா நற்றேர்': ஏறிச் செல்லாத நல்ல தேர். நாம் இன்று தேடும் வேறுபாடு அந்தத் தொடரில் அப்படியே இருக்கிறது. தள்ளுவது வேறு, ஏறி உட்காருவது வேறு. எனவே தள்ளும் மரவண்டிக்கு மட்டுமே 'நடைவண்டி'. உட்காரவைக்கும் வளையத்துக்கு 'உட்கார்வண்டி'. அதன் பெயரில் நடை என்ற சொல் எந்த வடிவத்திலும் வரக்கூடாது. குழுவின் சொற்பட்டியலிலும் இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்த்து, ஒன்றுக்கு மற்றொன்றை வழங்கக்கூடாது என்ற குறிப்பையும் இடும்படி பட்டியலைப் பராமரிக்கும் அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணாமூச்சிப் பெட்டிக்கு இதைவிட நல்ல பெயர் யாரிடமாவது இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், மகிழ்ச்சியாக மாற்றிக்கொள்வேன். தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துச் சொப்புக் கடைசல்காரர்கள் பிடிவளையத்துக்கு ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று அங்குள்ளவர்கள் கேட்டுச் சொன்னால், என் சொல்லை எடுத்துவிட்டு அதையே போடுகிறேன்.