சோதனை வரிசையில் நிற்கும் நேரத்துக்கு ஊதியம் உண்டா? இரு தீர்ப்புகள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி – சட்டக் கல்லூரி மாணவி

நெவாடாவிலுள்ள அமேசான் கிடங்குகளில் வேலை செய்தவர்கள், பணி முடிந்ததும் திருட்டுத் தடுப்புச் சோதனைக்காக நாள்தோறும் ஏறத்தாழ 25 நிமிடங்கள் காத்திருக்க நேர்ந்ததாகக் கூறி, தங்களைப் பணியமர்த்திய இன்டெக்ரிட்டி ஸ்டாஃபிங் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த நேரத்துக்கு ஊதியம் தர வேண்டியதில்லை என்று 2014 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2020 பிப்ரவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆப்பிள் கடை ஊழியர்களின் பைகளைச் சோதிக்கும் நேரத்துக்கு ஊதியம் உண்டு என்றது, அதுவும் ஒருமனதாகவே. ஒரு மாநில நீதிமன்றம் இப்படி மாறாகத் தீர்ப்பளிக்க முடியுமா?

மறுமொழி – தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர்

முடியும், அம்மா. இரண்டு நீதிமன்றங்களும் வெவ்வேறு சட்டங்களுக்குப் பொருள் சொல்லின: ஒன்று நாடு முழுமைக்குமான கூட்டாட்சிச் சட்டம், மற்றது கலிபோர்னியா மாநிலத்தின் ஊதிய விதிகள். 1946இல் மவுண்ட் கிளெமென்ஸ் மட்பாண்டத் தொழிற்சாலை வழக்கில், வருகையைப் பதிந்த பின் வேலையிடத்துக்கு நடந்து செல்லும் நேரமும் பணி நேரமே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் நாடெங்கும் வழக்குகள் குவிந்தன. அதற்கு அஞ்சிய நாடாளுமன்றம் 1947இல் சட்டம் இயற்றி, முதன்மைப் பணிக்கு முன்னும் பின்னும் செலவாகும் நேரத்தைப் பெரும்பாலும் விலக்கிவிட்டது. அதன்பின் கூட்டாட்சிச் சட்டத்தில், செய்த செயல் அந்தப் பணியிலிருந்து பிரிக்க முடியாததா என்பதே அளவுகோல். மின்கல ஆலைத் தொழிலாளர் நச்சுப் பொருள்களைக் கழுவக் குளிப்பதும், இறைச்சி வெட்டுவோர் கத்தி தீட்டுவதும் 1956இல் இதில் தேறின. கிடங்குச் சோதனை தேறவில்லை.

கலிபோர்னியாவின் ஊதிய ஆணையோ, அந்த நேரத்தில் ஊழியர் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தார் என்று பார்க்கிறது. வருகைப்பதிவை முடித்த பிறகும், மேலாளர் வந்து பையைத் திறந்து பார்க்கும்வரை கடையை விட்டு வெளியேறக் கூடாது என்றால், அந்த நேரம் நிறுவனத்துடையதே. பையோ ஐபோனோ கொண்டுவராமல் இருந்திருக்கலாம் என்ற ஆப்பிளின் வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. கூட்டாட்சிச் சட்டம் குறைந்தபட்ச உரிமையை மட்டுமே வரையறுக்கிறது. அதற்கு மேல் தர மாநிலங்களுக்குத் தடையில்லை. 12,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கான அந்த வழக்கு, 2 கோடியே 99 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

மறுமொழி – தொழிற்சங்க ஊழியர்

சில நிமிடங்களுக்காக வழக்கா என்று கேட்பவர்கள் 2018ஆம் ஆண்டின் ஸ்டார்பக்ஸ் தீர்ப்பைப் படிக்க வேண்டும். வருகைப்பதிவை முடித்தபின் கடையைப் பூட்டும் வேலைகளுக்காக ஓர் ஊழியர் 17 மாதங்களில் ஊதியமின்றி உழைத்த நேரம் மொத்தம் 12 மணி 50 நிமிடம். அன்றைய குறைந்தபட்ச ஊதியப்படி 102.67 டாலர். அன்றாடம் நிகழும் வேலையை அற்பமென ஒதுக்க முடியாது என்றது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம். குறைந்த கூலிக்காரருக்கு அந்தத் தொகை ஒரு மாத மின்கட்டணமோ பேருந்துச் செலவோ ஆகலாம் என்பதைத் தீர்ப்பே கருத்தில் கொண்டது எனக்கு மிகுந்த நிறைவளித்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நிறுவனமே பதிவு செய்யாத நேரத்தை ஊழியர்கள் எப்படி நிரூபிக்கிறார்கள், ஐயா?

மறுமொழி – தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர்

இதற்கும் அந்த 1946 தீர்ப்பே துணை. பதிவேடு வைக்க வேண்டியவர் வைக்காதபோது, நியாயமாக ஊகிக்கக்கூடிய சான்று காட்டினாலே ஊழியருக்குப் போதும். அதை மறுக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும் என்ற அதன் விதியை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை. ஐயோவா மாநிலத்தில் டைசன் ஃபுட்ஸ் பன்றி இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள், பாதுகாப்பு உடைகளை அணியவும் கழற்றவும் ஆன நேரத்துக்கு ஊதியம் கோரியபோது, வல்லுநர் ஒருவர் காணொளிப் பதிவுகளை அளந்து, ஒரு பிரிவுக்கு நாளொன்றுக்கு 18 நிமிடம், இன்னொன்றுக்கு 21 நிமிடத்துக்குச் சற்று மேல் எனச் சராசரி கணக்கிட்டார். நடுவர் குழு ஏறத்தாழ 29 லட்சம் டாலர் வழங்கியது. சராசரியைச் சான்றாக ஏற்றது சரியே என்று 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–2 என்ற கணக்கில் உறுதிசெய்தது. ஒவ்வொருவரின் நிமிடத்தையும் தனித்தனியே நிரூபிக்கச் சொல்லியிருந்தால், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து தொடுத்த அந்த வழக்கு நின்றிருக்காது.