.45 கேஸில் பிரைமர் இறங்க மறுக்கிறது, குழியில் அழுக்கா?

கேட்டவர்:
வணக்கம். டெக்ஸாஸில் இருக்கிறேன். ஆறு மாதமாக .45 ஏசிபி தோட்டாக்களை வீட்டில் ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட கேஸில் (பித்தளைக் கூட்டில்) புதிய பிரைமர் (அடியில் பொருத்தும், தீப்பொறி தரும் சின்ன மூடி), மருந்து, குண்டு போட்டு மறுபடி தோட்டாவாக்குகிறேன். இதுவரை நான் சுட்ட கேஸ்களையே திரும்பப் பயன்படுத்தியதால் சிக்கல் வரவில்லை. போன வாரம் சுடுதளத்தில் மற்றவர்கள் விட்டுப்போன கேஸ்களைக் கேட்டு வாங்கி, ஒரு வாளி நிறையக் கொண்டுவந்தேன். நேற்று புரோகிரசிவ் பிரஸ்ஸில் (ஒரே கைப்பிடி இழுப்பில் பல வேலைகளைச் சேர்த்துச் செய்யும் கருவி) ஓட்டினால், ஏழெட்டு கேஸுக்கு ஒரு முறை பிரைமர் ஏறும் இடத்தில் கைப்பிடி நின்றுவிடுகிறது. பிரைமர் உட்காரும் குழியில் கரி இருக்கும் என்று சுரண்டிப் பார்த்தேன், பலனில்லை. ஒன்றைக் கொஞ்சம் பலமாக அழுத்தினேன். பிரைமர் நசுங்கிப் பாதியில் நிற்கிறது. போடுவது லார்ஜ் பிஸ்டல் பிரைமர்தான். எங்கே தவறு?

முதல் பதில்:
தம்பி, முதலில் அழுத்துவதை நிறுத்துங்கள். அந்தக் கேஸ்களில் இருப்பது சின்னக் குழி. லார்ஜ் பிரைமரின் விட்டம் 0.210 அங்குலம், ஸ்மாலுடையது 0.175. பெரியதைச் சின்னதில் திணித்தால் அது வெடிக்கலாம். பக்கத்துக் குழாயில் நூறு பிரைமர் அடுக்கியிருக்கும். ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து போகும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குழாயைக் கழற்றித் தள்ளி வைத்த பிறகு அந்தக் கேஸை மெதுவாக வெளியே எடுங்கள். நசுங்கிய பிரைமரை மேலும் உள்ளே தள்ள வேண்டாம்.

கேட்டவர்:
நிறுத்திவிட்டேன் அண்ணா, கண்ணாடியும் போட்டாயிற்று. ஆனால் .45 என்றாலே லார்ஜ் பிரைமர் என்றுதானே படித்தேன்?

இரண்டாவது பதில்:
பல காலம் அப்படித்தான் இருந்தது. ஈயமில்லாத பிரைமருடன் தோட்டாக்கள் வந்தபோது .45-க்கும் ஸ்மால் பிரைமர் குழி வைக்க ஆரம்பித்தார்கள். பிறகு சாதாரணத் தோட்டாக்களிலும் அது பரவிவிட்டது. அதனால் கேஸின் அடியில் பொறித்திருக்கும் கம்பெனிப் பெயரை நம்பிப் பிரிக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு வகையும் வருகிறது.

சல்லடைத் தட்டும் உதவாது. 9 எம்எம், .40, .45 ஆகியவற்றை அது அழகாகப் பிரிக்கும். ஆனால் .45-இல் இரண்டு வகைக்கும் வெளிச்சுற்றளவு ஒன்றுதான். கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நான் செய்வது இது: தோட்டா வாங்கும்போது வரும் ஐம்பது குழி பிளாஸ்டிக் தட்டில் கேஸ்களை அடிப்பக்கம் மேலே தெரியும்படி அடுக்குவேன். மேலிருந்து விளக்கடித்துப் பார்த்தால் சின்ன வட்டம் சட்டென்று தனியாகத் தெரியும். பழைய பிரைமரைத் தட்டி எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பிரைமர் இருக்கும்போது வட்டத்தின் விளிம்பு தெளிவாக இருக்கும். எடுத்தபின் வெறும் இருட்டுக் குழிதான், கண் ஏமாறும்.

இன்னொன்று: சின்ன வட்டம் உள்ளதில் சில .45 காப் (GAP என்ற வேறொரு தோட்டா வகை) கேஸாகவும் இருக்கலாம். அதுவும் ஸ்மால் பிரைமர்தான், ஆனால் குட்டை. ஏசிபி கேஸ் 22.8 மில்லிமீட்டர் நீளம், காப் சுமார் 19. பக்கத்தில் பக்கமாக நிறுத்தினாலே தெரிந்துவிடும்.

கேட்டவர்:
ராத்திரி உட்கார்ந்து முழு வாளியையும் பிரித்தேன். 1,140-இல் 163 ஸ்மால், அதில் நான்கு காப். தட்டு முறை அருமை, மிக்க நன்றி. ஆனால் லார்ஜ் என்று ஒதுக்கியவற்றிலும் இரண்டு மூன்று இறுகுகின்றனவே?

முதல் பதில்:
அவற்றின் அடியைப் பாருங்கள். பிரைமரைச் சுற்றி ஒரு வளையம் அமுக்கியது போல இருக்கிறதா? இராணுவத் தோட்டாக்களில் பிரைமர் கழன்றுவிடாமல் இருக்க விளிம்பை இறுக்கி விடுவார்கள். பழைய பிரைமர் போன பிறகும் அந்த உதடு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்வேஜர் கருவியால் விரித்தோ ரீமரால் சீவியோ சரிசெய்யலாம். இரண்டு மூன்றுதான் என்றால் பழைய உலோகத்தோடு போட்டுவிடுங்கள், நேரம் மிச்சம்.

கேட்டவர்:
ஆமாம், வளையம் இருக்கிறது! அப்போது அந்த 159 ஸ்மாலையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

இரண்டாவது பதில்:
வேண்டாம். அவை நல்ல கேஸ்கள். 9 எம்எம்மும் ரீலோட் செய்கிறவராக இருந்தால் இரண்டுக்கும் ஒரே பிரைமர் போதும். 2020, 2021-இல் பிரைமர் கிடைக்காமல் திண்டாடியபோது என்னைக் காப்பாற்றியது இப்படி ஒதுக்கி வைத்த டப்பாதான். ஸ்மாலுக்கு ஓட்டும்போது பிரஸ்ஸின் பிரைமர் பாகங்களை மாற்ற மறக்காதீர்கள். பிரைமர் மாறினால் தோட்டாவின் வேகமும் கொஞ்சம் மாறும். கையேட்டில் உள்ள மருந்தின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற்றிப் பாருங்கள். இரண்டு டப்பாவிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரு ஸ்மால் பிரைமர் லார்ஜ் குழிக்குள் போனாலும் தொல்லைதான்: நிற்காமல் விழுந்து, சாய்ந்து, கேஸ்களைப் பிடித்திருக்கும் ஷெல் பிளேட்டில் மாட்டிக்கொள்ளும்.

கேட்டவர்:
9 எம்எம்மும் உண்டு அண்ணா, அப்படியே வைத்துக்கொள்கிறேன். சிவப்பு மூடி ஸ்மால், நீல மூடி லார்ஜ் என்று ஒட்டிவிட்டேன். இன்று காலை 200 லார்ஜ் ஓட்டினேன், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.