உதவி: ரவுட்டர் ஃபர்ம்வேரை மாற்றினால் வேலரண்ட் லேக் குறையுமா?

கோவை_கன்னர்:
வணக்கம். ஊர் கோயம்புத்தூர். உள்ளூர் ஆபரேட்டரின் ஃபைபர், டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 20. ஸ்பீடு டெஸ்ட் எப்போது போட்டாலும் 95க்குக் கீழே வந்ததில்லை. பகலில் வேலரண்ட் கேமின் மும்பை சர்வரில் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 30 மில்லிசெகண்ட்தான். ராத்திரி ஏழு மணிக்கு மேல் அது திடீர் திடீரென்று 300, 400 என்று எகிறுகிறது. சுவருக்குப் பின்னால் முழுசாக ஒளிந்த பிறகு செத்து விழுகிறேன். ரவுட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் ஓடும் மென்பொருளை, எடுத்துவிட்டு ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றினால் லேக் அடியோடு போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? ரவுட்டர் வீணாகிவிட்டால் வீட்டில் உதை விழும், அதனால்தான் கேட்கிறேன்.

ஹெட்ஷாட்_குமாரு:
டிஎன்எஸ்ஸை 1.1.1.1க்கு மாத்துங்க ப்ரோ. சூப்பரா இருக்கும்.

வயர்_அண்ணாச்சி:
குமாரு, டிஎன்எஸ் என்பது கேம் சர்வரின் முகவரியைத் தேடிக் கொடுப்பதோடு சரி. மேட்ச் ஆரம்பித்த பிறகு அதற்கு அங்கே வேலை இல்லை.

தம்பி, ஃபர்ம்வேரைத் தொடுவதற்கு முன்னால் லேக் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மூன்று சோதனை போதும்.

முதலில் கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் ரவுட்டரின் முகவரிக்கே பிங் ஓடவிடுங்கள். வைஃபையில் ஒரு தடவை, கேபிள் போட்டு ஒரு தடவை. அடுத்து வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வெளியே இணையத்தில் இருக்கும் 1.1.1.1 சர்வருக்குப் பிங். கடைசியாக அதே பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிய வீடியோ ஒன்றை டிரைவில் அப்லோடு போடுங்கள். மூன்றையும் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

பகலில் வரும் 30ஐ எந்த ஃபர்ம்வேரும் 10 ஆக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வரவே 10 மில்லிசெகண்ட் ஆகிவிடும். கேபிள் நேர்க்கோட்டிலும் போவதில்லை, மீதி சுற்று வழிக்குப் போகிறது.

கோவை_கன்னர்:
பார்த்துவிட்டேன் அண்ணா. ரவுட்டருக்குக் கேபிளில் 1க்கும் கீழே. வைஃபையில் 2 முதல் 5, எப்போதாவது ஒரு 60. வீடு அமைதியாக இருக்கும்போது 1.1.1.1க்கு 12. அப்லோடு போட்டதும் 390! நிறுத்தினால் அடுத்த நொடியே 12.

அக்கா வேலை முடிந்து வருவது ஏழு மணிக்கு. அவள் போன் வைஃபையில் சேர்ந்ததும் அன்றைக்கு எடுத்த ரீல்ஸ், போட்டோ எல்லாம் தானாக மேலே ஏறுகிறது.

வயர்_அண்ணாச்சி:
ஆள் அகப்பட்டாச்சு. அக்காவைத் திட்ட வேண்டாம், அவர் மேல் தப்பில்லை.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர், பெயரைப் பரப்பியவர் ஜிம் கெட்டிஸ். உங்கள் லைனால் அப்லோடில் நொடிக்கு 20 மெகாபிட்தான் அனுப்ப முடியும். போன் அதைவிட வேகமாகத் தள்ளுகிறது. மிஞ்சுவதை ஃபைபர் பெட்டி (ஆபரேட்டரின் ஃபைபர் வந்து சேரும் மோடம்) எறியாமல் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அப்படி 1 மெகாபைட் சேர்ந்தால் 8 மெகாபிட். அது காலியாக 0.4 நொடி, அதாவது 400 மில்லிசெகண்ட். உங்களுக்கு வந்த 390 அதுதான். கேம் அனுப்புவது சின்னஞ்சிறு பாக்கெட்டுகள், டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிய பைக் மாதிரி அவையும் வரிசையில் நிற்கின்றன. பைக்குக்குத் தனி வழி விட்டால் தீர்ந்தது. அந்த வேலையைச் செய்வதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டியில் கிடைக்கும் எஸ்க்யூஎம் என்கிற வரிசை மேலாண்மை வசதி, அதற்குள் இருக்கும் ‘கேக்’ என்கிற முறை. இது 2018இல் லினக்ஸ் கெர்னல் 4.19லேயே சேர்ந்துவிட்டது.

வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. ஓப்பன் டபிள்யூஆர்டியை ஏற்றிவிட்டு சும்மா விட்டால் பிங் அப்படியேதான் இருக்கும். வரிசை நிற்பது ஃபைபர் பெட்டியில், ரவுட்டரில் இல்லையே! எஸ்க்யூஎம்மில் வேகத்தை லைன் வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால்தான் வரிசை ரவுட்டருக்கு இடம் மாறும், அதற்கப்புறம் யாரை முதலில் விடுவது என்று ரவுட்டர் முடிவு செய்யும். உங்கள் லைனுக்கு டவுன்லோடு 90,000, அப்லோடு 18,000 கிலோபிட் என்று ஆரம்பியுங்கள். ரவுட்டரில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ லாகின் என்றால் அந்த இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் பைட்டுகள்) 44 வைத்தால் பாதுகாப்பு. ‘ஃப்ளோ ஆஃப்லோடிங்’ ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள், அது எஸ்க்யூஎம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஏற்றும் முன் இப்போதைய ஃபர்ம்வேரிலேயே க்யூஓஎஸ் மெனு (எந்தக் கருவிக்கு எவ்வளவு வேகம் என்று பிரிப்பது) இருக்கிறதா பாருங்கள். அக்கா போனுக்கு அப்லோடை 10 எம்பிபிஎஸ்ஸில் கட்ட முடிந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

கோவை_கன்னர்:
க்யூஓஎஸ் மெனுவே இல்லை அண்ணா. ரவுட்டர் ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. சிப் மீடியாடெக் எம்டி7621, ரேம் 128 எம்பி. தாங்குமா?

ஃப்ளாஷ்_ராணி:
100 எம்பிபிஎஸ் லைனுக்குத் தாராளமாகத் தாங்கும். நாளைக்கு 500 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறினால் இதே சிப் எஸ்க்யூஎம்மோடு மூச்சு வாங்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள், பின்பக்க ஸ்டிக்கரில் வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 என்று ஒரே பெயர்தான், ஆனால் வெர்ஷன் 2இல் குவால்காம் சிப், வெர்ஷன் 3இல் மீடியாடெக். ஒன்றின் ஃபைலை இன்னொன்றில் ஏற்றக்கூடாது. 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய பெட்டி என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். பிராட்காம் சிப்பிலும் பெரும்பாலும் வைஃபை டிரைவர் உருப்படியாகக் கிடைக்காது.

முதல் தடவை ‘ஃபேக்டரி’ ஃபைல், அடுத்தடுத்த அப்டேட்டுக்கு ‘சிஸ்அப்கிரேடு’. இறக்கிய ஃபைலின் செக்சம் (ஃபைல் கெடாமல் இறங்கியதா என்று காட்டும் குறியீடு) சரிபாருங்கள். கேபிளில்தான் ஏற்ற வேண்டும். ரவுட்டர், கம்ப்யூட்டர் இரண்டும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும், பாதியில் கரண்ட் போனால் அழுவீர்கள். அப்படியே போனாலும் பல மாடல்களில் ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்து டிஎஃப்டிபி (ஃபைல் அனுப்பும் ஒரு எளிய முறை) வழியாக மீட்டுவிடலாம். உங்கள் மாடலுக்கு அந்த வழி இருக்கிறதா என்று முதலில் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றி முடித்ததும் வைஃபை தெரியவில்லையே என்று பதறாதீர்கள், நாமாகப் போய் ஆன் செய்ய வேண்டும். புது ஃபர்ம்வேரின் முகவரி 192.168.1.1. ஃபைபர் பெட்டியும் அதே முகவரியில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் மோதி நெட் வராது. ரவுட்டரை 192.168.10.1க்கு மாற்றிவிட்டு அப்புறம் ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் வான் (WAN) போர்ட்டில் செருகுங்கள்.

கோவை_கன்னர்:
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏற்றிவிட்டேன். ராணி அக்கா சொன்ன அந்த முகவரி மோதல் அப்படியே நடந்தது. முன்னாடியே தெரிந்ததால் பிழைத்தேன்.

இப்போது அப்லோடு ஓடும்போதும் பிங் 16, 18தான். ஸ்பீடு டெஸ்ட் 87 காட்டுகிறது, பரவாயில்லை. கம்ப்யூட்டருக்குக் கேபிளும் இழுத்துவிட்டேன், அந்த 60ம் போய்விட்டது. ஆனால் சனி, ஞாயிறு இரவு ஒன்பது மணி வாக்கில், வீட்டில் யாரும் நெட் தொடாதபோதும் பிங் 120க்குப் போகிறது.

வயர்_அண்ணாச்சி:
அது ஆபரேட்டர் பக்கத்து நெரிசல். அதை எந்த ஃபர்ம்வேராலும் தொட முடியாது. அந்த நேரத்தில் ட்ரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் கட்டளை) போட்டு, ரவுட்டருக்கு அடுத்த ஹாப்பிலிருந்தே, அதாவது அடுத்த நிறுத்தத்திலிருந்தே, எண் ஏறி, கடைசி வரை இறங்காமல் இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை, பகலில் எடுத்த இன்னொன்றோடு சேர்த்து அவருக்கு அனுப்புங்கள். “நெட் ஸ்லோ” என்று சொன்னால் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

மொபைல்_மாவீரன்:
நான் பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேம் ஆடுபவன், போனில் கேபிள் போட வழியில்லை. ரவுட்டரும் தனியாக இல்லை, ஆபரேட்டர் கொடுத்த ஒரே பெட்டிதான். நான் என்ன செய்வது?

ஃப்ளாஷ்_ராணி:
அந்தப் பெட்டியில் கை வைக்காதீர்கள். அது ஆபரேட்டருடையது, ஓப்பன் டபிள்யூஆர்டி பெரும்பாலும் அதில் ஏறவும் ஏறாது. அதற்குப் பின்னால் ஓப்பன் டபிள்யூஆர்டி ஏறுகிற ரவுட்டர் ஒன்றை மாட்டி, வீட்டில் எல்லோரையும் அந்த வைஃபைக்கு மாற்றுங்கள். யாராவது ஒருவர் பழைய வைஃபையிலேயே தங்கிவிட்டால் எஸ்க்யூஎம்முக்கு அவர் கணக்கு தெரியாது. பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி) போட்டுத் தரச் சொல்லி ஆபரேட்டரிடம் கேளுங்கள். மறுத்தாலும் எஸ்க்யூஎம் வேலை செய்யும், இரட்டை நாட் (NAT) ஆகும், அதாவது முகவரி மாற்றும் வேலையைப் பெட்டியும் ரவுட்டரும் இரண்டு தடவை செய்யும், அவ்வளவுதான். போனை 5 கிகாஹெர்ட்ஸில் சேர்த்து, ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து ஆடுங்கள். ஆனால் ரவுட்டர் வாங்கும் முன் அண்ணாச்சி சொன்ன மூன்றாவது சோதனையைப் போட்டுவிடுங்கள். அப்லோடு ஓடும்போது பிங் ஏறவில்லை என்றால் காசு மிச்சம்.