எண்ணூர்க் கழிமுகம்: பழைய வரைபடமும் ஜிபிஎஸ் புள்ளிகளும் பொருந்தவில்லை, உதவி தேவை

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில், மீனவர்கள் வலை விரிக்கும் பாடுகளையும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய கரைகளையும் அவர்களோடு சேர்ந்து கைபேசியில் குறித்து வருகிறோம். இவற்றைப் பழைய நில அளவை வரைபடத்தின் ஸ்கேன் பிரதி மீது கியூஜிஐஎஸ் 3.34 என்ற வரைபட மென்பொருளில் வைத்தால், ஏறத்தாழ 150 மீட்டர் விலகி, நீரில் எடுத்த புள்ளிகள் நிலத்தில் விழுகின்றன. இப்படியே சமர்ப்பித்தால் மக்களின் சாட்சியத்தை விசாரணையில் எளிதாகத் தள்ளிவிடுவார்கள்.

புள்ளிகள், ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆய அமைப்பான டபிள்யூஜிஎஸ் 84-இல் உள்ளன. செயற்கைக்கோள் படத்தோடு அவை சரியாகப் பொருந்துகின்றன. வரைபடமோ பூமியின் வடிவத்துக்கான பழைய மாதிரியான எவரெஸ்ட் நீள்வட்டத்தையும், பூமியின் வளைந்த பரப்பைத் தட்டையான தாளில் காட்டும் பாலிகோனிக் புரொஜெக்‌ஷனையும் கொண்டது. எவரெஸ்டை அடிப்படையாகக் கொண்ட ஆய அமைப்பான கல்யாண்பூர் 1975-ஐத் தேர்ந்தெடுத்து, யுடிஎம் 44 வடக்கு என்ற மீட்டர் அளவிலான கட்டத்துக்கு மாற்றியபோது விலகல் குறைந்தது, ஆனால் தீரவில்லை. ரயில் பாலத்தையும் சாலைச் சந்திப்புகளையும் வரைபடத்தைப் பொருத்தும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக வைத்து, அப்புள்ளிகளுக்கு ஏற்ப வரைபடத்தை வளைக்கும் தின் பிளேட் ஸ்ப்ளைன் முறையிலும் முயன்றோம். பாலத்தருகே சரியாக அமர்ந்த வரைபடம், சாம்பலால் கரையே மாறிப்போன பகுதிகளில் வளைந்து நெளிந்துவிட்டது.

நிலையான அடையாளங்கள் குறைந்த இக்கழிமுகத்துக்கு, எவரெஸ்டிலிருந்து டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்ற எந்த அளவுருக்களை (எவ்வளவு நகர்த்துவது, சுழற்றுவது என்று சொல்லும் எண்களை) பயன்படுத்த வேண்டும்?