திரைச்சீலையைக் கண்டால் மட்டும் ரோபோ நிற்கமாட்டேன் என்கிறது, எந்த சென்சார் போடலாம்?

புதுச்சக்கரம்:
ஆர்டுயினோ ஊனோ போர்டு, இரண்டு சக்கரம், முன்னால் தூரம் அளக்க ஒரே ஒரு ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் (மீயொலி) சென்சார். சுவருக்கு நேராகப் போனால் 20 செ.மீ.க்கு முன்பே ஒழுங்காகத் திரும்பிவிடுகிறது. திரைச்சீலை என்றால் உள்ளே புகுந்துவிடுகிறது, சுவர்ப் பக்கம் சாய்வாகப் போனாலும் இடிக்கிறது. சென்சார் போய்விட்டதா? ஐஆர் (அகச்சிவப்பு) சென்சாருக்கு மாறலாமா?

எதிரொலி:
சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பிவிட்டு அது திரும்பி வரக் காத்திருக்கும், அந்த மைக்ரோ விநாடிகளை 58ஆல் வகுத்தால் செ.மீ., அவ்வளவுதான். துணி ஒலியை விழுங்கிவிடும், சாய்ந்த சுவர் அதை வேறு பக்கம் திருப்பிவிடும். எதிரொலி வராதபோது சென்சாரின் எக்கோ பின்னில் (விடை தரும் முனை) சிக்னல் வழக்கமாக 38 மில்லி விநாடி வரை இறங்காமலே நிற்கும். கணக்குப் போட்டால் 650 செ.மீ.க்கு மேல் வரும், உங்கள் நிரலும் 'ஆகா, வழி காலி' என்று ஓட்டிவிடும். 400க்கு மேல் எது வந்தாலும் 'தெரியவில்லை' என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். புது சென்சார் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

சாலிடர்புகை:
ஐஆரில் எது என்று சொல்லவில்லையே ப்ரோ. இரண்டு எல்இடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன மாட்யூல் என்றால் வேண்டாம், அது தூரம் சொல்லாது, 'இருக்கு, இல்லை' அவ்வளவுதான், கறுப்புப் பொருளைத் தவறவிடும், வெயிலில் உளறும். ஷார்ப்பின் 10–80 செ.மீ. சென்சார் பரவாயில்லை. ஆனால் 10 செ.மீ.க்கு உள்ளே போனால் வோல்டேஜ் மறுபடி இறங்கும், பக்கத்தில் இருப்பது தள்ளி இருப்பதாகத் தெரியும், அதனால் ரோபோவின் முன் விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே தள்ளி மாட்டுங்கள்.

என்னைக் கேட்டால் விஎல்53எல்0எக்ஸ். லேசர், 2 மீட்டர் வரை அளக்கும், துணியும் சாய்வும் அதற்குப் பெரிய தொல்லை இல்லை. கண்ணாடியைத்தான் நம்ப முடியாது, ஒளி ஊடுருவிப் போய்விடும், அங்கே உங்கள் பழைய அல்ட்ராசோனிக்தான் கை கொடுக்கும், கழற்றிவிடாதீர்கள். இரண்டு லேசர் மாட்டினால் இரண்டும் 0எக்ஸ்29 என்ற ஒரே முகவரியில்தான் விழிக்கும். எக்ஸ்ஷட் பின்னை (சென்சாரை அணைத்துவைக்கும் முனை) வைத்து ஒன்றைத் தூங்கவிட்டு மற்றதன் முகவரியை மாற்றுங்கள்.

புதுச்சக்கரம்:
சரி, 400 கணக்கை முதலில் போட்டுப் பார்க்கிறேன். அப்புறம், ஊனோவை விட்டு இஎஸ்பி32 போர்டுக்கு மாறும் யோசனை இருக்கிறது, வயரிங் இதேதானே?

எதிரொலி:
இதே இல்லை! எக்கோ 5 வோல்ட் தரும், இஎஸ்பி32 பின்னுக்கு 3.3தான். எக்கோவிலிருந்து இஎஸ்பி32 பின்னுக்கு 1 கிலோஓம் ரெசிஸ்டர், அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறையுங்கள். ட்ரிக் பின்னை (ஒலியை அனுப்பச் சொல்லும் முனை) நேராகவே கொடுக்கலாம்.