கடலில் கயாக் பழகியவர் கித்துல்கல ஆற்றில் கவிழ்வது ஏன்? பயணத் திட்டத்துக்கும் ஆலோசனை தேவை

கேள்வி (திருகோணமலை):
வணக்கம். நாங்கள் உப்புவெளிக் கரையிலும், காற்றுத் தணிந்த நாட்களில் கொட்டியாரக்குடாவிலும் கயாக் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு) வலிக்கும் நண்பர்கள். களனி கங்கைக் கரையிலுள்ள கித்துல்கலவுக்கு ராஃப்டிங் (ரப்பர் தெப்பத்தில் ஆற்று வேகத்தோடு இறங்குவது) சென்றபோது எங்களில் ஒருவர் அங்கேயே ஒரு சிறிய கயாக்கை வாடகைக்கு எடுத்து இறங்கினார். பாறைக்குப் பின்னாலிருந்த அமைதியான நீரில் நன்றாக வலித்தவர், ஓட்டத்துக்குள் முனையை நுழைத்த கணமே, நீர் வரும் பக்கமாகக் கவிழ்ந்துவிட்டார். கடலில் அலை பக்கவாட்டில் வந்தால் அலையின் பக்கம்தானே சாய்வோம்? ஆகஸ்ட் மாதம் எங்கள் நீண்ட கடல் கயாக்குகளையே கொண்டுபோய், ராஃப்டிங் தொடங்கும் இடத்துக்கும் மேலிருந்து இறங்க எண்ணியிருக்கிறோம். இது சரிவருமா?

பதில் (கினிகத்தேனை):
தம்பிமார், கவிழ்ந்ததற்குக் காரணம் அந்தச் சாய்வுதான். அலை உங்களைக் கடந்து போய்விடும். ஆற்று நீரோ ஓயாமல் ஒரே பக்கமிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். நீர் வரும் பக்க விளிம்பைத் தாழ்த்தினால் ஓட்டம் அதன் மேல் ஏறி நொடியில் புரட்டிவிடும். ஆகவே ஓட்டத்துக்குள் நுழையும்போது, நீர் போகும் பக்கமாகச் சாய்ந்து, வரும் நீருக்குக் கயாக்கின் அடிப்புறத்தைக் காட்ட வேண்டும். பாறையில் மோதினாலும் இதே விதிதான்: விலகப் பார்க்காமல் பாறையைக் கட்டிப்பிடிப்பதுபோல் அதன் பக்கமே சாயுங்கள்.

கடல் கயாக் நேராக ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. பாறைகளுக்கிடையே திரும்பாமல் குறுக்கே சிக்கிக்கொள்ளும். இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த குட்டையான ஆற்றுக் கயாக்கே வேண்டும். ஆற்று ஓட்டத்தின் கடினத்தை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள்; ராஃப்டிங் பகுதி பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தரத்தைச் சேர்ந்தது. அந்தப் பகுதிக்கும் மேலிருந்து இறங்கும் எண்ணத்தை இப்போதைக்குக் கைவிடுங்கள்.

ஆகஸ்டும் வேண்டாம். சோளகம் வீசும் காலத்தில் உங்கள் கடல் குளம்போல் கிடக்கும், ஆனால் எங்கள் பக்கத்தில் அதுவே தென்மேல் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை பொருத்தம். அப்போதும், மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடித்தான் களனி கங்கை ஆகிறது என்பதையும், இரண்டிலும் நீர்மின் அணைகள் உண்டு என்பதையும், 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் நிலையமும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு துளி மழை இல்லாமலே நீர் உயரலாம். எப்போது நீர் விடுவார்கள் என்று அங்குள்ள வழிகாட்டிகளிடம் அன்று காலையே கேளுங்கள். நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரையேறிவிடுங்கள்.

பதில் (நிலாவெளி):
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நம் கரையில் கவிழ்ந்தால் காலை மணலில் ஊன்றி எழுந்துவிடுவோம். அந்தப் பழக்கம் அங்கே ஆளையே கொன்றுவிடும். பாறையிடுக்கில் பாதம் சிக்கினால், முழங்காலுக்குச் சற்று மேலே ஓடும் நீர்கூட உங்களைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீர் போகும் திசையில் உயர்த்தியபடி மிதந்து, ஓட்டம் தணியும் இடத்தில் கரைக்கு நீந்துங்கள். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் இரண்டும் கட்டாயம். மீட்புக் கயிற்றை ஒருபோதும் உடம்பில் கட்டாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பெப்ரவரிக்கு மாற்றி, கயாக்குகளையும் அங்கேயே வாடகைக்கு எடுக்கிறோம். போகுமுன் இந்தச் சாய்வை மூதூர்ப் பக்கம் மகாவலியில் பழகலாமா?

பதில் (நிலாவெளி):
வேண்டாம், அங்கே முதலைகள் உண்டு. கவிழ்ந்தபின் கயாக்கிலிருந்து வெளியேறுவதையும், உருண்டு மறுபடி நிமிர்வதையும் உப்புவெளியிலேயே பழகுங்கள். சாய்வை, கித்துல்கலவில் ஓட்டம் மெலிந்த கீழ்ப்பகுதியில், முதல் நாளை அதற்கென்றே ஒதுக்கி, வழிகாட்டி ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு பழகுவதே நல்லது.