ஜப்பானியப் படங்களும் எங்கள் வீட்டுச் சாவுகளும்

அப்பாவின் காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். தூக்கம் வராத ஒரு ராத்திரியில் 'டிபார்ச்சர்ஸ்' பார்க்க உட்கார்ந்தேன். யோஜிரோ தகிதா இயக்கி 2008இல் வந்த படம். அடுத்த வருடம் ஆஸ்கர் வாங்கியது. செல்லோ வாசிக்கும் ஒருவன், இசைக்குழு கலைந்து வேலை போனதால் யமகத்தாவில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்புகிறான். அங்கே அவனுக்குக் கிடைக்கும் வேலை, இறந்தவர்களைத் துடைத்து, உடை மாற்றி, பெட்டியில் வைப்பது.

ஒரு வீட்டுக்கு அவனும் முதலாளியும் ஐந்து நிமிடம் தாமதமாகப் போகிறார்கள். மனைவியை இழந்தவர் சீறி விழுகிறார். முதலாளி எதிர்த்து ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடங்குகிறார். மேலே போர்த்திய துணி விலகாமல் உள்ளே கையை விட்டே உடம்பைத் துடைக்கிறார். அப்புறம், அந்த அம்மா வழக்கமாகப் பூசும் உதட்டுச்சாயம் இருக்கிறதா என்று கேட்கிறார். மகள் எழுந்து ஓடி எடுத்து வருகிறாள். பூசி முடித்த முகத்தைப் பார்த்ததும், சீறிய அந்த மனிதர் உடைந்து அழுகிறார்.

அங்கேயே நிறுத்திவிட்டேன். அப்பாவை நாங்கள் அவசர அவசரமாக நாலு குடம் தண்ணீர் ஊற்றி, கோடித்துணி போர்த்தி அனுப்பினோம். அவருடைய சீப்பு எப்போதும்போல் சட்டைப்பையில் இருந்தது. தலை வாரிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மீதிப் படத்தை நாலு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

—

அண்ணா, நீங்கள் எழுதிய அந்தச் சீப்பு மனசைப் பிசைகிறது. எனக்கு அப்படி அமைந்த படம் 'ஸ்டில் வாக்கிங்'. ஹிரோகசு கொரே-எடா தன் அம்மா இறந்த பிறகு எடுத்த படம், இதுவும் 2008தான். கடலில் ஒரு சிறுவனைக் காப்பாற்றப்போய் மூத்த மகன் இறந்துவிட்டான். பிழைத்த பையனை வருடா வருடம் நினைவு நாளுக்கு வீட்டுக்கு அழைக்கிறார்கள். 'பாவம், இனி கூப்பிட வேண்டாமே' என்கிறான் இளைய மகன். அம்மாவாக நடித்த கிரின் கிகி, பின்னிக்கொண்டிருக்கும் நூலிலிருந்து கை எடுக்காமல் பதில் சொல்கிறார்: வருடத்தில் ஒரு நாளாவது அவனும் வேதனைப்படட்டும் என்றுதான் கூப்பிடுகிறாராம்.

எங்கள் அண்ணன் விபத்தில் போனபோது வண்டி ஓட்டிய நண்பனை அம்மா ஒவ்வொரு திவசத்துக்கும் அழைப்பார். பாசம் என்றே நினைத்திருந்தேன். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. இந்த வருடம் அவன் தெருமுனையிலேயே தயங்கி நின்றான். நானே போய்க் கூட்டிவந்து என் பக்கத்தில் இலை போட்டேன்.

—

இதே கொரே-எடாவின் 1998ஆம் வருடப் படம் 'ஆஃப்டர் லைஃப்'. இறந்தவர்கள் ஒரு பழைய கட்டடத்துக்கு வருகிறார்கள். வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு நினைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை மட்டும்தான் கூட எடுத்துப்போகலாம். இதற்காக நூற்றுக்கணக்கான சாதாரண ஜனங்களைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள்; அவர்களில் சிலர் படத்திலேயே வந்து தங்கள் நினைவைச் சொல்கிறார்கள்.

எங்கள் பாட்டிக்கு எண்பத்தாறு. கதையைச் சொல்லி, 'உனக்கு எது ஆத்தா?' என்று கேட்டேன். கல்யாணம், பிள்ளைகள் என்று ஏதாவது சொல்லும் என்று பார்த்தேன். 'வண்டி கட்டிச் சினிமாவுக்குப் போனோம்ல, அந்த ராத்திரி' என்றது. என்ன படம் என்று கேட்டேன். 'அது யாருக்குத் தெரியும்? வண்டியில பரப்பிய வைக்கோல் புதுசு. அந்த வாசம் போதும்டா.'